ரெட் நோட்டீஸுக்கு அப்புறம் என்ன நடக்கிறது? எல்லை தாண்டும் பாலியல் வழக்குகளின் கதை

பாலியல் குற்றம் சாட்டப்பட்ட ஒருவர் வெளிநாட்டுக்குப் பறந்துவிட்டார் என்றால், செய்தியின் கடைசி வரி பெரும்பாலும் ஒன்றேதான்: "இன்டர்போல் உதவியுடன் போலீசார் தேடி வருகின்றனர்." படிக்கிறவருக்கும் ஒரு நிம்மதி, ஏதோ உலகப் போலீஸ் ஜீப் ஏறிக் கிளம்பிவிட்ட மாதிரி. உண்மையில் இன்டர்போலுக்குக் கைது செய்யும் அதிகாரமே கிடையாது. ரெட் நோட்டீஸ் என்பது "இந்த ஆளை நாங்கள் தேடுகிறோம், கண்ணில் பட்டால் நிறுத்தி வையுங்கள்" என்று உறுப்பு நாடுகளுக்குப் போகும் வேண்டுகோள். அதை எவ்வளவு மதிப்பது என்பது அந்தந்த நாட்டின் விருப்பம். அமெரிக்காவில் ரெட் நோட்டீஸை மட்டும் காட்டி ஒருவரைக் கைது செய்ய முடியாது, குற்றவாளிகளை ஒப்படைக்கும் ஒப்பந்தத்தின்படி தனியாக ஒரு வாரண்ட் வேண்டும்.

இன்னொரு குழப்பத்தையும் முதலிலேயே தீர்த்துவிடலாம். நம் பத்திரிகைகள் இரண்டு வேறு விஷயங்களுக்கும் "நாடு கடத்தல்" என்ற ஒரே சொல்லைப் போடுகின்றன. விசா முடிந்தவரை, அல்லது வேண்டாதவரை, ஒரு நாடு தானாகவே வெளியே அனுப்புவது ஒன்று. இன்னொரு நாடு "இவர்மீது எங்களிடம் வழக்கு இருக்கிறது, கொடுங்கள்" என்று கேட்டு, நீதிமன்றம் அதைப் பரிசீலித்து, அரசு ஒப்புக்கொண்டு அனுப்புவது இன்னொன்று. முதலாவது ஒரு வாரத்தில்கூட முடியும். இரண்டாவதற்குப் பல வருடங்கள் ஆகலாம். இந்தக் கட்டுரையில் இரண்டாவதை ஒப்படைப்பு என்றே சொல்கிறேன்.

மும்பையில் நடந்த ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இதில் வரக்கூடிய சிக்கல்களில் பாதி அந்த ஒரே வழக்கில் இருக்கிறது. டங்கன் கிராண்ட் என்ற முன்னாள் பிரிட்டிஷ் கடற்படைக்காரர் 1995-இல் தெருச் சிறுவர்களுக்காக 'ஆங்கரேஜ்' என்ற பெயரில் காப்பகங்கள் தொடங்கினார். கொலாபாவிலும், கடலோரம் இருக்கிற முருட்டிலும். அவருடைய நண்பர் ஆலன் வாட்டர்ஸ், அவரும் கடற்படையில் இருந்தவர், அடிக்கடி வந்து தங்குவார். 2001-இல் சிறுவர்கள் வாய் திறந்தார்கள். வழக்கு பதிவாவதற்குள் இருவரும் இந்தியாவில் இல்லை. வாட்டர்ஸ் 2003-இல் நியூயார்க்கில் பிடிபட்டு 2004-இல் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டார், கிராண்ட் 2005-இல் வந்து சேர்ந்தார். 2006 மார்ச்சில் மும்பை செஷன்ஸ் நீதிமன்றம் இருவருக்கும் ஆறு ஆண்டு கடுங்காவலும் ஆளுக்கு 20,000 பவுண்டு அபராதமும் விதித்தது. சரி, முடிந்தது என்று நினைத்தால், 2008-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் சிறுவர்களின் சாட்சியத்தை நம்ப முடியாது என்று சொல்லி அத்தனை பேரையும் விடுதலை செய்தது. 2011 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து தண்டனையைத் திரும்பக் கொண்டுவந்தது. தீர்ப்பு எழுதிய அமர்வுக்குத் தலைமை தாங்கியவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த நீதிபதி பி. சதாசிவம்.

புகார் 2001, கடைசித் தீர்ப்பு 2011. சிறுவனாகப் புகார் சொன்னவன் வழக்கு முடியும்போது வளர்ந்த ஆள். வீடு இல்லாத, நிரந்தர முகவரி இல்லாத பையன்களை இத்தனை வருடம் சாட்சிகளாகக் கையில் வைத்திருப்பது என்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள். ஒரு தெருச் சிறுவன் போலீசிடம் ஒரு தேதியும் நீதிமன்றத்தில் வேறொரு தேதியும் சொன்னால் "முரண்" என்கிறோம். அவன் எந்தக் காலண்டரைப் பார்த்து வளர்ந்தான்?

அந்த வழக்கில் இன்னொரு சங்கதி. அப்போது போக்சோ சட்டம் இல்லை, அது 2012-இல்தான் வந்தது. இந்திய தண்டனைச் சட்டத்தின் பாலியல் வன்கொடுமைப் பிரிவில் பாதிக்கப்பட்டவர் பெண்ணாகத்தான் இருக்க முடியும். அப்படியானால் சிறுவர்களுக்கு நடந்ததற்கு என்ன பிரிவு? கைக்குக் கிடைத்தது 377, விக்டோரியா காலத்து "இயற்கைக்கு மாறான குற்றம்". பிள்ளைகளைப் பாதுகாக்க எழுதப்படாத ஒரு பிரிவை வைத்துக்கொண்டுதான் இன்னொரு நாட்டிடம் ஆளைக் கேட்க வேண்டியிருந்தது.

இங்கேதான் இரட்டைக் குற்றத்தன்மை என்கிற விதி வருகிறது. நாங்கள் குற்றம் என்று சொல்கிற செயல் உங்கள் நாட்டிலும் குற்றமாக இருந்தால்தான் ஆளைக் கொடுப்பீர்கள். இந்தியா-அமெரிக்கா ஒப்பந்தம் 1997-இல் கையெழுத்தானது. அதன்படி, இரண்டு நாட்டிலும் ஓராண்டுக்கு மேல் தண்டனைக்குரிய செயலாக இருந்தால் போதும், பிரிவின் பெயர் வேறாக இருந்தாலும் பரவாயில்லை. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் பாலியல் குற்றங்களில் ஒரு செயலைக் குற்றமாக்குவது பல நேரம் வயதுதான், அந்த வயது நாட்டுக்கு நாடு மாறுகிறது. இந்தியாவில் பதினெட்டு, பிரிட்டனில் பதினாறு. ஜப்பானில் 2023 வரை பதின்மூன்றாக இருந்ததைப் பதினாறாக்கினார்கள். பிலிப்பைன்ஸில் 2022 வரை பன்னிரண்டு! பதினேழு வயதுப் பெண்ணின் "சம்மதம்" இங்கே செல்லாது, லண்டனில் குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர் அதையே முதல் வாதமாக வைப்பார்.

அப்புறம் தூக்கு. ஒவ்வொரு கொடூரச் சம்பவத்துக்குப் பிறகும் "தூக்கில் போடு" என்ற குரல் எழும், 2019-இல் போக்சோவிலும் மரண தண்டனை சேர்த்தார்கள். கோபம் புரிகிறது. ஆனால் ஐரோப்பிய நாடுகள் மரண தண்டனைக்கு வாய்ப்பிருக்கும் இடத்துக்கு ஆளை அனுப்பாது. இந்திய ஒப்படைப்புச் சட்டத்தின் 34சி பிரிவு இதற்காகவே இருக்கிறது: அனுப்பும் நாட்டில் அந்தக் குற்றத்துக்குத் தூக்கு இல்லையென்றால் இங்கேயும் ஆயுள்தான். ஆக, உள்ளூரில் மாட்டிக்கொண்டவருக்குத் தூக்கு, ஓடிப்போய் ஐரோப்பாவில் பிடிபட்டவருக்கு ஆயுள். சட்டம் போடும்போது இந்தக் கணக்கை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தெரியவில்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரர் இங்கே வந்து செய்துவிட்டு ஓடும் கதை. எதிர்த் திசையிலும் நடந்திருக்கிறது, நம் ஊட்டியிலிருந்தே. ஊட்டி மறைமாவட்டத்துப் பாதிரியார் ஜோசப் பழனிவேல் ஜெயபால் 2004-05-இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், கனடா எல்லைக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பணியில் இருந்தார். 2005-இல் ஊருக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. அங்கே இரண்டு பதின்வயதுப் பெண்கள் தொடர்பாக அவர்மீது வழக்கு பதிவானது. இங்கே அவர் திருச்சபைப் பணியிலேயே தொடர்ந்தார். 2010-இல் அது உலகச் செய்தியானது. 2012-இல் தமிழ்நாட்டில் கைதாகி, 2014 நவம்பரில் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். 2015-இல் ஒரு வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார், உடன்பாட்டின்படி இன்னொரு பெண் தொடர்பான குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. தண்டனை ஓராண்டும் ஒரு நாளும். ஏற்கெனவே காவலில் கழித்த நாட்கள் அதற்கே போதுமானதாக இருந்ததால் அதே வருடம் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். 2016 தொடக்கத்தில் ஊட்டி மறைமாவட்டம் இடையில் அவர்மீது விதிக்கப்பட்டிருந்த இடைநீக்கத்தையும் நீக்கியது.

இந்தக் கதையில் ஆளைக் கொடுக்க மாட்டோம் என்று இந்தியா சொல்லவில்லை. இந்தியா-அமெரிக்கா ஒப்பந்தத்தில் சொந்தக் குடிமகன் என்ற காரணத்தைக் காட்டி மறுக்கக் கூடாது என்றே இருக்கிறது. ஆனாலும் ஒன்பது வருடம் போனது. இந்தியாவில் ஒப்படைப்புக் கோரிக்கை வெளியுறவு அமைச்சகத்துக்கு வரும், அங்கிருந்து ஒரு மாஜிஸ்திரேட்டுக்குப் போகும், அவர் முகாந்திரம் இருக்கிறதா என்று விசாரிப்பார், பிறகு மத்திய அரசு முடிவெடுக்க வேண்டும், அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போகலாம். இத்தனையும் தாண்டி ஆள் போய்ச் சேரும்போது அங்கே அரசு வழக்கறிஞரின் கையில் இருப்பது பத்து வருடப் பழைய வழக்கு. ஜூரிமுன் அதைக் கொண்டுபோய் நிறுத்தும் ஆபத்தைவிட, உறுதியான ஒரு சின்னத் தண்டனை மேல் என்று அவர் கணக்குப் போட்டிருக்கலாம். இது என் ஊகம்தான், ஆனால் இந்த மாதிரி வழக்குகளில் பேரம் பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறது.

தாமதத்தை ஒரு கலையாகவே செய்தவர்களும் உண்டு. மெல்பர்னில் ஒரு யூதப் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியையாக இருந்த மால்கா லைஃபர் 2008-இல் குற்றச்சாட்டு எழுந்ததும் இஸ்ரேலுக்குப் போய்விட்டார். ஆஸ்திரேலியா கேட்டது. மனநலம் சரியில்லை, விசாரணையை எதிர்கொள்ளும் நிலையில் இல்லை என்று வருடக்கணக்கில் வாதம், எழுபதுக்கும் மேற்பட்ட அமர்வுகள். அவர் நடிக்கிறார் என்று கடைசியில் நிபுணர் குழு சொன்னது. 2021 ஜனவரியில் அனுப்பினார்கள், 2023-இல் 18 குற்றங்களில் தண்டிக்கப்பட்டு 15 ஆண்டு சிறை. இடையில் மருத்துவர்களுக்கு அழுத்தம் கொடுத்ததாக இஸ்ரேலின் அப்போதைய சுகாதாரத் துணை அமைச்சரே விசாரணைக்கு உள்ளானார். பிரான்ஸ் மாதிரி நாடுகள் இன்னும் சுலபமாக முடித்துக்கொள்ளும்: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாடுகளுக்குச் சொந்தக் குடிமக்களைக் கொடுப்பதே இல்லை. 1978-இல் கலிஃபோர்னியாவிலிருந்து ஓடிய, பிரெஞ்சுக் குடிமகனான திரைப்பட இயக்குநர் ரோமன் போலன்ஸ்கி இத்தனை காலம் பாரிஸில் இருப்பது இதனால்தான்.

அப்படியென்றால் ஆளைக் கேட்டு அலைவதைவிட, அவருடைய சொந்த நாடே அவரை விசாரிக்கலாமே? அதுதான் இரண்டாவது வழி. ஆஸ்திரேலியா 1994-லேயே இதற்குச் சட்டம் போட்டது. அமெரிக்கா, பிரிட்டன் இரண்டும் 2003-இல் தங்கள் சட்டங்களை இறுக்கின. பிரிட்டிஷ் பாலியல் குற்றச் சட்டத்தின் 72-ஆம் பிரிவின்படி அந்த நாட்டுக் குடிமகன் உலகில் எங்கே ஒரு குழந்தையிடம் குற்றம் செய்தாலும் லண்டனில் வழக்கு போடலாம். நடந்த இடத்தில் அது குற்றமா என்ற கேள்விகூட 2008-க்குப் பிறகு கிடையாது.

அதன் மிகப் பெரிய உதாரணம் ரிச்சர்ட் ஹக்கிள் என்ற பிரிட்டிஷ்காரர். கோலாலம்பூரில் வருடக்கணக்கில் இருந்தவர், ஆங்கிலம் சொல்லித் தருவது, தேவாலயத் தொண்டு என்று ஏழைக் குடும்பங்களுக்குள் நுழைந்தவர். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து போலீசார் டார்க்வெப் எனும் மறைவான இணையத்தில் இருந்த தளம் ஒன்றைப் பிடித்து ஆராய்ந்ததில் இவர் சிக்கினார். 2014 டிசம்பரில் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் கைது. 71 குற்றங்களை ஒப்புக்கொண்டார், 2016 ஜூனில் 22 ஆயுள் தண்டனைகள். 2019-இல் சிறையிலேயே கொல்லப்பட்டார்.

வெற்றிக் கதை மாதிரிதான் தெரிகிறது. கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். அந்த வழக்கில் கோலாலம்பூரிலிருந்து எந்தக் குழந்தையும் லண்டன் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவரே எடுத்து வைத்திருந்த படங்களும், அவரே எழுதி வைத்திருந்த கணக்கும்தான் சாட்சி, அதோடு குற்றத்தை ஒப்புக்கொண்டும் விட்டார். படம் எடுக்காத, எழுதி வைக்காத, மறுக்கிற ஒரு குற்றவாளியாக இருந்தால்? கோலாலம்பூரின் செந்தூலிலிருந்து ஏழு வயதுக் குழந்தை ஒன்று, மொழிபெயர்ப்பாளர் வழியாக, வீடியோ திரையில், விக் அணிந்த வழக்கறிஞரின் குறுக்கு விசாரணையை எதிர்கொள்ள வேண்டும். வழக்கு லண்டனில் நடப்பதால் கோலாலம்பூரில் இருக்கும் குடும்பத்துக்குத் தேதிகூடத் தெரியாது. மலேசியாவில் பலர் இதை அறிந்ததே லண்டன் தீர்ப்புச் செய்தி வந்த பிறகுதான்.

ஆனால் மலேசியா ஒரு காரியத்தை உருப்படியாகச் செய்தது. 2017-லேயே சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்குத் தனிச் சட்டம், புத்ராஜெயாவில் தனி நீதிமன்றம். மலேசியக் குடிமகன் வெளிநாட்டில் இந்தக் குற்றம் செய்தாலும் மலேசியாவில் செய்ததாகவே கருதப்படும் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்.

நம் போக்சோவைத் திறந்து முதல் பிரிவைப் பாருங்கள். "இந்தியா முழுவதற்கும் பொருந்தும்" என்று இருக்கிறது, அவ்வளவுதான். இந்தியர் ஒருவர் பாங்காக்கில் ஒரு குழந்தையிடம் தவறு செய்தால் என்ன என்று ஒரு வார்த்தை இல்லை. இந்திய தண்டனைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு (இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் முதல் பிரிவிலேயே வருகிறது) குடிமக்களின் வெளிநாட்டுக் குற்றங்களைத் தொடுகிறது, ஆனால் அது "இந்தச் சட்டத்தின்கீழ்" தண்டனைக்குரியவற்றைத்தான் சொல்கிறது. போக்சோ தனிச் சட்டம். வாதாட இடம் இருக்கிறது. அந்த இடத்தில் புகுந்து விளையாட ஒரு நல்ல வழக்கறிஞர் போதும். அதோடு, வெளிநாட்டில் நடந்த குற்றத்தை இங்கே விசாரிக்க மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 188-ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 208. நீதிமன்றம் வழக்கைக் கவனத்தில் எடுத்துக்கொள்ளும் கட்டம் வரைக்கும் அனுமதி தேவையில்லை, அதைத் தாண்டும்போதுதான் தேவை என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாக்கியது. உள்ளூர்க் காவல் நிலையங்களில் இது தெரிந்த எத்தனை பேர் இருப்பார்கள் என்பது வேறு விஷயம். "ஃபாரின்ல நடந்ததுக்கு இங்க எப்படிங்க எஃப்ஐஆர் போடுறது?" என்ற பதில்தான் முதலில் வரும்.

இணையம் வந்தபின் ஆளே எல்லை தாண்டத் தேவையில்லை, படம் தாண்டுகிறது. அமெரிக்க நிறுவனங்கள் தங்கள் தளத்தில் குழந்தைகளின் பாலியல் படங்களைக் கண்டால் அங்குள்ள காணாமல்போன சிறாருக்கான தேசிய மையத்துக்குத் தகவல் தர வேண்டும். 2019-இல் நம் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் அந்த மையத்தோடு ஒப்பந்தம் போட்டது, அதன்பின் இந்தியா தொடர்பான தகவல்கள் இங்கே வந்து மாநிலங்களுக்குப் பிரிந்து போகின்றன. சென்னை அம்பத்தூர் மகளிர் காவல் நிலையத்தில் பதிவான ஒரு வழக்கு இப்படி வந்ததுதான். 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், தனியாகப் பார்ப்பதோ பதிவிறக்கி வைத்திருப்பதோ குற்றமில்லை என்று அந்த வழக்கை ரத்து செய்தது. செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, வைத்திருப்பதே குற்றமாகலாம் என்றது. கடல் கடந்து துப்பு வந்து சேர்ந்துவிட்டது, வழக்கு தடுக்கி விழுந்தது நம் சட்டத்தின் ஒரு பிரிவை எப்படிப் படிப்பது என்பதில்.

துப்பு வருவது ஒன்று, அதைச் சாட்சியமாக்குவது இன்னொன்று. கணக்கு யாருடையது, எந்த ஐபி முகவரி என்பதை நீதிமன்றம் ஏற்கும் வடிவில் பெற முறைப்படியான கோரிக்கை போக வேண்டும்: விசாரணை அதிகாரி, நீதிமன்றம், தில்லியில் உள்துறை அமைச்சகம், வாஷிங்டன், அங்கிருந்து நிறுவனம், பிறகு அதே வழியில் திரும்பி. அதுவரை அழிக்காமல் வைத்திருங்கள் என்று முன்கூட்டியே கேட்கலாம். அமெரிக்கச் சட்டப்படி அது 90 நாட்களுக்கு, இன்னொரு 90 நீட்டிக்கலாம். கேட்க மறந்தால் பதில் வரும்போது தரவு அழிந்திருக்கலாம்.

இத்தனையும் படித்துவிட்டு, சர்வதேசச் சட்டத்தில்தான் ஓட்டை என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒப்படைப்புக் கோரிக்கையைப் பரிசீலிக்கும் நியூயார்க் நீதிபதியோ லண்டன் நீதிபதியோ அந்தக் குழந்தையைப் பார்க்கப் போவதே இல்லை. அவர்முன் இருப்பது ஒரு கட்டுக் காகிதம். அந்தக் கட்டின் அடியில் இருப்பது, நம் ஊர் மகளிர் காவல் நிலையத்தில் ஒரு எஸ்ஐ எழுதிய வாக்குமூலம்.

போக்சோவின் 26-ஆம் பிரிவு குழந்தை சொன்னதைச் சொன்னபடியே எழுதச் சொல்கிறது. நடைமுறையில் குழந்தை என்ன சொல்லும்? எங்கே, எப்படி, எந்தக் கையால் என்று தன் வீட்டில் புழங்கும் சொற்களில் சொல்லும். எழுதுகிற எஸ்ஐக்கு அந்தச் சொற்களைக் காகிதத்தில் எழுதக் கூச்சம். ஆகவே "என்னிடம் தவறாக நடந்துகொண்டார்" என்று எழுதுவார். அது மாஜிஸ்திரேட் முன் சொல்லும் வாக்குமூலத்திலும் அப்படியே வரும். பிறகு தில்லிக்கு அனுப்ப ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பார்கள்: "மிஸ்பிஹேவ்டு வித் மீ". கடல் கடந்த நீதிபதி இதைப் படிக்கிறார். அவருக்கு அந்தச் சொல், சாப்பாட்டு மேசையில் சத்தம் போடும் பையனைப் பற்றியது. தொட்டாரா, எங்கே தொட்டார், ஆடை இருந்ததா, எதுவுமே இல்லை. அவர் நாட்டுச் சட்டத்தில் இது எந்தப் பிரிவில் விழும் என்று பார்க்கத் தேவையான எதுவும் அந்தக் காகிதத்தில் இல்லை. கூடுதல் விவரம் கேட்டுத் திருப்பி அனுப்புவார். அந்த விவரத்துக்காக அந்தப் பிள்ளையை மறுபடி கூப்பிடுவார்கள், அதற்குள் இரண்டு வருடம் ஆகியிருக்கும். இரண்டாம் முறை சொல்வதில் ஒரு சொல் மாறினால், இத்தனை நாள் கழித்துச் சேர்த்துச் சொல்கிறது என்று எதிர்த்தரப்பு அதை அடிக்கோடிடும்.

கேரளத்திலோ சென்னையிலோ இப்போது சில நீதிமன்றங்களில் குழந்தைகளுக்கென்று பொம்மைகளும் வண்ணச் சுவர்களும் உள்ள அறைகள் இருக்கின்றன, நல்லதுதான். பக்கத்து அறையில் உட்கார்ந்து எழுதுகிறவர் குழந்தை சொன்ன சொல்லையே எழுதுகிறாரா என்று யாராவது ஒருமுறை எட்டிப் பார்த்தால் தேவலை.